புடிங் லேன் பட்டு வியாபாரி வீட்டுச் சாமான்கள்

ஒல்லாந்தர் என்றால் எங்கள் ஆட்களுக்கு உடனே ஞாபகம் வருவது யாழ்ப்பாணக் கோட்டை. 1658ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயரிடம் விடும்வரை 137 வருடம் இருந்தார்கள். எங்கள் தேசவழமைச் சட்டத்தை 1707ஆம் ஆண்டளவில் எழுத்தில் போட்டுவைத்ததும் அவர்கள்தான். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று ஒரு குடும்பத்தின் சொத்தை மூன்றாகப் பிரிப்பது தேசவழமை. காணி உறுதி எழுதப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

அவர்கள் போனபின்பும் சில சொற்கள் எங்கள் வீடுகளில் தங்கிவிட்டன. கந்தோர் என்கிறோமே, அது ஒல்லாந்தச் சொல். கக்கூசும் அப்படியே. மேசை லாச்சி என்கிறோமே, அதுவும் அவர்களுடையது. ஹொலண்டில் பத்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்த எனது மச்சாள் ஒருத்தி, அங்கே கடையில் கல்லாப்பெட்டியை இழுத்து "லாச்சே" என்று சொன்னதைக் கேட்டுத் திகைத்துப் போனாவாம். "அம்மம்மாவின்ரை சொல்லை வெள்ளைக்காரி சொல்லுறாள்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

கோட்டை கட்டிய ஒல்லாந்தரைப் பற்றி இந்தக் கட்டுரை அல்ல. அவர்களுடைய மொழியையே பேசிக்கொண்டு, எங்களைப் போலவே கையில் ஒன்றுமில்லாமல் இந்த லண்டனுக்கு அகதியாக வந்து சேர்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றியது. பட்டு வியாபாரம் செய்து, அரசனுக்கே கடன் கொடுக்கும் அளவுக்கு உயர்ந்து, பிறகு முழுவதையும் இழந்த குடும்பம். அவர்கள் என்னென்ன தேடினார்கள், எது எப்படிப் போனது, எது மிஞ்சியது என்று சொல்லப்போகிறேன். நான் சரித்திரம் படித்தவன் அல்ல. ஓ.எல். உடன் பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கே பார்க் றோயலில் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டுகிற வேலை. ஆனால் இந்தக் கதையைத் தேடித்தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கதை போலவே இருந்தது.

குடும்பத்தின் பெயர் கோர்ட்டன். ஊர் மேனன். இன்றைக்கு அது பெல்ஜியத்தில் பிரான்ஸ் எல்லையோரம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒல்லாந்தும் பெல்ஜியமும் ஒரே நாடு போல, ஸ்பெயின் அரசனின் ஆட்சியில் கிடந்தன. கத்தோலிக்க அரசன் இரண்டாம் பிலிப், புரட்டஸ்தாந்தரை அடக்குவதற்கு 1567ஆம் ஆண்டு ஆல்வா கோமகனைப் படையோடு அனுப்பினான். அவர் ஒரு விசேட நீதிமன்றத்தை அமைத்தார். சனங்கள் அதற்கு வைத்த பெயர் இரத்த மன்றம். பிடித்துக்கொண்டு போவது, சொத்தைப் பறிமுதல் செய்வது, தலையை வெட்டுவது என்று நடந்தது. ஆயிரக்கணக்கானோர் கடலைக் கடந்து இங்கிலாந்துக்கு ஓடிவந்தார்கள்.

அப்படி ஓடியவர்களில் ஒருவர் வில்லியம் கோர்ட்டன். மேனன் ஊர்த் தையற்காரர் ஒருவரின் மகன். சிறையில் கிடந்து தப்பி, 1568ஆம் ஆண்டளவில் லண்டன் வந்து சேர்ந்தார். கூட வந்தவர்கள் மனைவி மார்கரெட், மகள், மகளின் புருசன். நாலு தலைமுறைக்கும் இந்த வீட்டில் வில்லியம் என்ற பெயர் வருவதால், இவரை மூத்த வில்லியம் என்று வைத்துக்கொள்வோம்.

அப்சேர்ச் லேன் என்ற ஒழுங்கையில் குடியேறினார்கள். கானன் ஸ்ரீற் நிலையத்துக்குப் பக்கத்தில் அந்த ஒழுங்கை இன்றும் இருக்கிறது. அங்கே குடும்பமாக இருந்து தைத்தது பெண்களின் தலையணி. பிரெஞ்சு ஹூட் என்பார்கள். முன்பக்கம் வளைந்து நிற்கும், பின்பக்கம் கறுப்புத் துணி தொங்கும். எட்டாம் ஹென்றி அரசனின் மனைவிமாருடைய படங்களில் பார்த்திருப்பீர்கள். புருசன், பெண்சாதி, மருமகன் எல்லோருமே ஊசி பிடித்தார்கள். வீட்டு அறைக்குள் மெசினைப் போட்டு, ஒரு உடுப்புக்கு இவ்வளவு சதம் என்று தைத்துக் கொடுத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய அக்காமார் எங்களிடையேயும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அந்தக் காலத்து லண்டன் அகதிகளை எப்படி நடத்தியது என்பதையும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒரு பக்கம் ஆதரவு இருந்தது. ஆறாம் எட்வர்ட் அரசன் 1550இலேயே ஒஸ்ரின் பிரையர்ஸ் என்ற இடத்தில் ஒரு கோயிலை வெளிநாட்டு அகதிகளுக்கென்று எழுதிக் கொடுத்துவிட்டான். அதுதான் ஒல்லாந்தத் தேவாலயம். மறுபக்கம், வெளிநாட்டவர் உள்நாட்டவரைப்போல இரண்டு மடங்கு வரி கட்டவேண்டும். காணி வாங்கிச் சொந்தமாக வைத்திருக்கச் சட்டம் விடாது. வீடு வீடாக வந்து கணக்கெடுப்பார்கள். என்ன தொழில், எந்தக் கோயிலுக்குப் போகிறாய், எத்தனை ஆங்கிலேயருக்கு வேலை கொடுத்திருக்கிறாய் என்றெல்லாம் கேள்வி. 1571இலும் 1593இலும் எடுத்த அந்தப் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. ஹோம் ஒபிஸ் படிவம் நிரப்பிக் களைத்தவர்கள் இதைக் கேட்டு ஒரு பெருமூச்சு விடலாம்.

அந்த 1593ஆம் ஆண்டு மிக மோசமான ஆண்டு. வெளிநாட்டவர் வெளிநாட்டுச் சாமான்களைச் சில்லறையாக விற்கக்கூடாது என்று ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. சேர் வோல்ற்றர் றாலி எழும்பி அகதிகளுக்கு எதிராகப் பேசினார். கீழ்ச்சபையில் அது நிறைவேறியது. பிரபுக்கள் சபையில் நிறைவேறாமல் போனதால் சனங்கள் தப்பினார்கள். மே மாதத்தில் ஒல்லாந்தத் தேவாலய மதிலில் யாரோ ஒரு மிரட்டல் பாட்டை ஒட்டிவிட்டுப் போனார்கள். வெளியே போகாவிட்டால் கொல்லுவோம் என்பது அதன் சாரம். சுவரில் எழுதுகிற பழக்கம் லண்டனுக்குப் புதிதல்ல.

இவ்வளவுக்கும் நடுவில் கோர்ட்டன் குடும்பம் அப்சேர்ச் லேனை விட்டுப் புடிங் லேனுக்கு மாறிவிட்டது. தலையணி தைத்த வீடு, பட்டும் மெல்லிய லினன் துணியும் விற்கும் கடையானது. மகளின் முதல் புருசன் இறந்துபோக, அவள் ஜோன் மவுன்சி என்ற வியாபாரியைக் கட்டினாள். லண்டனில் இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள். 1572இல் வில்லியம், சில வருடம் கழித்துப் பீற்றர். இங்கே பிறந்தபடியால் இவர்கள் சட்டப்படி இந்த நாட்டவர், காணி வாங்கலாம். (இன்றைக்கு அப்படி இல்லை. 1983ஆம் ஆண்டு தை மாதம் முதலாம் திகதிக்குப் பிறகு, தாய் தகப்பனில் ஒருவருக்காவது பிரஜாவுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருந்தால்தான் இங்கே பிறந்த பிள்ளைக்குப் பிறந்தவுடன் பிரித்தானியப் பிரஜாவுரிமை. புதிதாக வந்தவர்களில் சிலருக்கு இது இன்னும் தெரியாது.)

முதுசம் என்று சொல்ல இவர்களுக்கு ஒன்றுமில்லை. அது மேனனில் போய்விட்டது. இனிச் சீதனத்துக்கு வருவோம்.

மூத்த வில்லியம் தன் மகன் வில்லியத்தை ஒல்லாந்தின் ஹார்லம் நகருக்கு வியாபார முகவராக அனுப்பினார். துணி வெளுப்பதற்குப் பேர்போன ஊர் அது. லினன் வியாபாரிகள் எல்லோரும் அங்கே போய்வருவார்கள். மகன் அங்கே பீற்றர் குரோம்லிங் என்ற பெரும் பணக்கார வியாபாரியின் மகளைக் கலியாணம் செய்தார். காது கேளாத, வாய் பேசாத பெண். சீதனம் 60,000 பவுண். லண்டனில் ஒரு கூலியாள் நாள் முழுவதும் முறிந்தால் ஒரு ஷில்லிங் அளவில் கிடைத்த காலம் அது. இருபது ஷில்லிங் ஒரு பவுண். கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்தில் முந்நூறு நாள் வேலை செய்தாலும் அந்தச் சீதனத்தை உழைக்க ஒரு கூலியாளுக்கு நாலாயிரம் வருடம் வேண்டும்.

எனக்கு இதில் உறுத்திய விடயம் வேறு. நான் வாசித்த குறிப்புகளில் அந்தப் பெண்ணின் தகப்பனுடைய பெயர் இருக்கிறது, சீதனத் தொகை இருக்கிறது, அவளின் குறைபாடு எழுதியிருக்கிறது. அவளுடைய பெயர் இல்லை. புடிங் லேன் குடும்பம் கப்பல் வாங்கியதும் காணி வாங்கியதும் அவள் கொண்டுவந்த காசிலிருந்து தொடங்கியவை. அவள் இறந்தபின் வில்லியம் இரண்டாந்தாரமாக ஹெஸ்ரர் றையன் என்பவரைக் கட்டினார். இந்த அம்மாவுக்குப் பெயர் இருக்கிறது.

தேடியதேட்டம்தான் பெரிய கதை. 1606ஆம் ஆண்டு அண்ணன், தம்பி, மச்சான் மூன்று பேரும் சேர்ந்து பட்டு, லினன் வியாபாரத்தைக் கூட்டாகத் தொடங்கினார்கள். முதலில் பாதி வில்லியத்துடையது. மிச்சப் பாதி தம்பி பீற்றருக்கும் அக்காவின் புருசன் மவுன்சிக்கும். வில்லியம் லண்டனில் இருந்தார். பீற்றர் ஒல்லாந்தின் மிடில்பேர்க் நகரில் இருந்தார். இரண்டு கரையிலும் சொந்தக்காரர். இடையில் ஒரு இரவு ஒரு பகல் கப்பல் ஓட்டம், காற்றுச் சரியாக இருந்தால். கடிதத்தை நம்பிக் காசு போகும், காசை நம்பிப் பட்டு வரும். எங்கள் குடும்பங்களில் ஒரு தமையன் கனடாவில், ஒரு தங்கை சுவிஸில், மச்சான் பாரிசில் என்று இருப்பதைப் போலத்தான். வங்கி இல்லாத காலத்தில் சொந்தந்தான் வங்கி.

காசு கொழித்தது. 1622இல் ஜேம்ஸ் அரசன் வில்லியத்துக்குச் சேர் பட்டம் கொடுத்தான். அதற்கு மூன்று வருடத்துக்கு முன்புதான், தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள் என்று ஒல்லாந்த வியாபாரிகளை நீதிமன்றத்தில் நிறுத்திப் பெருந்தொகை தண்டம் போட்டிருந்தார்கள். அதில் இவரும் ஒருவர். தண்டத்தை வாங்கிவிட்டுப் பட்டத்தைக் கொடுப்பதில் அரசர்களுக்குக் கூச்சமில்லை. சேர் வில்லியத்துக்கு இருபதுக்கு மேற்பட்ட கப்பல்கள். அவருக்குக் கீழ் வேலைசெய்த கடலோடிகள் நாலாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் இடைப்பட்டோர். ஒரு மகன் பிறிஜ்வோட்டர் பிரபுவின் மகளைக் கட்டினார். ஒரு மகள் கென்ற் பிரபுவைக் கட்டினாள். தையற்காரனின் கொள்ளுப்பேரப்பிள்ளைகள் பிரபுக்களோடு ஒரே மேசையில் இருந்தார்கள்.

பெருமையாகச் சொல்லக்கூடாத ஒரு தேட்டமும் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனமில்லை. 1627ஆம் ஆண்டு மாசி மாதம் இவருடைய 'வில்லியம் அன்ட் ஜோன்' என்ற கப்பல் பார்படோஸ் தீவில் எண்பது பேரளவில் குடியேறிகளை இறக்கியது. அவர்களோடு பத்து ஆபிரிக்கர்களும் இருந்தார்கள். வழியில் போர்த்துக்கேயக் கப்பல் ஒன்றிலிருந்து பிடித்துக்கொண்டுவந்த அடிமைகள். சாட்டைக்குப் பயந்து ஓடிவந்த வீட்டின் பிள்ளை, அறுபது வருடத்துக்குள் சாட்டை பிடிக்கிறவனாகிவிட்டான். அந்தத் தீவும் அவருக்குத் தங்கவில்லை. அரசன் அதைக் கார்லைல் பிரபுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான்.

காணிகளும் வாங்கினார். அவற்றில் நொற்றிங்காம்ஷயரில் உள்ள லக்ஸ்ரன் கிராமத்தைப் பற்றி இரண்டு வசனம் சொல்லவேண்டும். வாங்கிய ஊரை அளந்து வரைந்து தரும்படி மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளரிடம் கொடுத்தார். 1635இல் வரைந்த அந்தப் பெரிய படம் இப்போது ஒக்ஸ்பேர்ட் பொட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொருத்தரின் கீலம் கீலமான துண்டும் அதில் தெரியும். உழுகிற ஆட்கள், மாடுகள், ஆடுகள் கூடப் படத்தில் இருக்கின்றன. அதைவிட அதிசயம், இங்கிலாந்தில் வேலி போடாத பொது வயலில் துண்டு துண்டாகப் பயிர்செய்யும் பழைய முறை அந்த ஊரில் இன்றும் நடக்கிறது. எங்கள் ஊர் வயல்வெளியில் வரம்பு பார்த்து நடந்தவர்களுக்கு அந்தப் படம் புரியும்.

இவ்வளவும் எப்படிப் போனது? கப்பல் தாண்டதால் மட்டும் போகவில்லை. முதல் வெடிப்பு வீட்டுக்குள் வந்தது.

தம்பி பீற்றர் 1630இல் மிடில்பேர்க்கில் இறந்தார். கூட்டு வியாபாரத்தின் கணக்குப் புத்தகமும் கையிருப்பும் அங்கேதான். அவற்றுக்குப் பொறுப்பாக நின்றவர் அவரின் மருமகன் பீற்றர் பூடான். மருமகன் என்று நான் எழுதுவது இரண்டு அர்த்தத்திலும் சரி. அக்காவின் முதல் கலியாணத்துப் பிள்ளை என்றபடியாலும் மருமகன். பீற்றரின் மனைவி ஓர்தென்சியாவுக்கு முதல் புருசன் மூலம் பிறந்த மகள் கத்தரினாவைக் கட்டியபடியாலும் மருமகன். ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொல் வேண்டும். எங்களுக்கு ஒன்று போதும். காசு வெளியே போகாமல் சொந்தத்துக்குள் கட்டிவைக்கும் வழக்கம் எங்களிடம் மட்டும் இருந்ததல்ல.

சேர் வில்லியம் கணக்குக் கேட்டார். மருமகன் கொடுக்கவில்லை. கேட்டுக்கொண்டே ஆறு வருடத்தில் இவர் இறந்துபோனார். பிறகு மகன் கேட்டார், கடன்காரர் கேட்டார்கள். மிடில்பேர்க்கில் பெட்டி திறக்கவில்லை. லண்டன் பக்கம் தெருவில் நின்றபோது மிடில்பேர்க் பக்கம் மாளிகையில் இருந்தது. அவர்களுடைய படங்கள் இப்போது அம்ஸ்ரடாம் ரைக்ஸ் நூதனசாலையில் இருக்கின்றன. சலோமோன் மெஸ்டாக் என்ற ஓவியர் வரைந்தவை. பீற்றர், ஓர்தென்சியா, மருமகன், கத்தரினா எல்லோரும் பெரிய வெள்ளைக் கழுத்துப்பட்டி, சரிகை, பட்டு, நகை சகிதம் நிற்கிறார்கள். கலியாண அல்பம் மாதிரி. அந்த முகங்களைப் பார்த்தால் கணக்கு மறைத்தவர்கள் என்று யாருக்கும் தோன்றாது.

இந்த இடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கதையும் ஞாபகம் வருகிறது. பெயர் வேண்டாம். எங்கள் வட்டத்தில் ஒருவர் சீட்டுப் பிடித்தார். இருபது குடும்பம், மாதம் இருநூறு பவுண். எழுத்து ஒன்றுமில்லை. "சொந்தத்துக்குள்ளை என்ன கடதாசி" என்பார். பதினாறாவது மாதம் தொலைபேசி எடுபடவில்லை. எனது காசும் அதில் போனது. சொந்தத்தின் மேல் நம்பிக்கை இல்லாமல் நாங்கள் யாரும் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டோம், பயணத்துக்குக் காசு தந்தவர்களே சொந்தக்காரர்தான். ஆனால் கடதாசி கேட்பது சொந்தத்தை அவமதிப்பது என்ற எண்ணத்தை நான் ஒத்துக்கொள்வதில்லை. கோர்ட்டன் சகோதரர்கள் வருடாவருடம் கணக்கை முடித்து, இரண்டு கரையிலும் ஒவ்வொரு பிரதி வைத்திருந்தால் மருமகனும் நல்ல மனிசனாகவே இறந்திருப்பார்.

இரண்டாவது அடி அரண்மனையிலிருந்து வந்தது. ஜேம்ஸ், சார்ள்ஸ் இரண்டு அரசர்களுக்கும் சேர் வில்லியம் பெருங்கடன் கொடுத்திருந்தார். அரசனிடம் யார் போய் வட்டி கேட்பது? கடனுக்குப் பதிலாகச் சலுகை கிடைத்தது. 1635இல் சார்ள்ஸ் அரசன், ஏற்கெனவே கிழக்கிந்தியக் கொம்பனிக்குத் தனியுரிமை இருந்தும், இந்தியாவிலும் சீனாவிலும் வியாபாரம் செய்ய இவருடைய கூட்டத்துக்கும் அனுமதி கொடுத்தான். 1636 சித்திரையில் ஜோன் வெடல் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. இரண்டு மாதத்துக்குள் சேர் வில்லியம் இறந்துவிட்டார். கப்பல்களுக்கு அது தெரியாது. அவை கோவாவுக்குப் போயின. கன்னடக் கரையில் பட்கல் என்ற இடத்தில் இக்கேரி நாயக்க அரசரின் அனுமதியோடு மிளகு வாங்கப் பண்டசாலை போட்டன. கொச்சிக்குப் போயின. பிறகு சீனாவில் கன்ரன்வரை போயின. கப்பலில் இருந்த பீற்றர் மண்டி என்பவர் எழுதிய நாட்குறிப்பில் சீனர் குடிக்கும் 'சா' பற்றியும் இருக்கிறது. தேத்தண்ணி லண்டனுக்கு வருவதற்கு முன்பே அதைக் குடித்துப் பார்த்த ஆங்கிலேயர்களில் ஒருவர். திரும்பிவரும் வழியில் வெடலும் இரண்டு கப்பலும் கடலோடு போனார்கள்.

மகன் வில்லியம் விடாமல் மேலும் கப்பல் அனுப்பினார். 1643இல் 'போனா எஸ்பெரான்சா' என்ற கப்பலை மலாக்கா நீரிணையில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி பிடித்தது. இன்னொரு கப்பல் மொரிசியசில் தரைதட்ட, அதையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். பதினைந்து வருடம் கழித்து யாழ்ப்பாணத்துக்கு வந்த அதே கொம்பனி. ஒல்லாந்த மொழி பேசிய அகதியின் பேரனைக் கவிழ்த்தது ஒல்லாந்தக் கொம்பனி. அந்த இரண்டு கப்பல் வழக்கும் சாதாரணமாக முடியவில்லை. 1662இல் இங்கிலாந்தும் ஒல்லாந்தும் செய்த உடன்படிக்கையில்கூட அவற்றின் பெயர் வருகிறது. காசு வரவில்லை. மகன் 1643இலேயே வங்குரோத்தாகி இத்தாலிக்கு ஓடி, 1655இல் புளோரன்ஸ் நகரில் இறந்தார். தகப்பனின் தகப்பன் அகதியாக வந்த நாட்டைவிட்டு இவர் கடன்காரனாக ஓடினார்.

இனிக் கடைசி வில்லியம். 1642இல் லண்டனில் பிறந்தவர். தகப்பன் ஓடும்போது கைக்குழந்தை. வளர்ந்தபின் பாட்டனின் சொத்துக்களை மீட்க வழக்காடிப் பார்த்தார். அரசனிடம் கடன், மிடில்பேர்க்கில் கணக்கு, கொம்பனியிடம் கப்பல், பார்படோசில் தீவு. எதிலும் ஒரு சதம் தேறாது என்று கண்டு கைவிட்டார். பெயரையே மாற்றிக்கொண்டார். வில்லியம் சார்ள்ற்றன் என்ற பெயரில் பிரான்சில் மொன்பெலியே நகரில் போய் இருந்தார். அங்கே செடி கொடி படிக்கும் வைத்தியர்களோடு பழக்கம் ஏற்பட்டது. அப்படிச் சிநேகமான ஒருவர்தான் ஹான்ஸ் ஸ்லோன், அயர்லாந்தில் பிறந்த இளம் வைத்தியர்.

1684இல் திரும்பிவந்து மிடில் ரெம்பிள் என்ற சட்டத்தரணிகள் வளவில் அறைகள் எடுத்தார். கலியாணம் செய்யவில்லை. வீட்டுச் சாமான் என்று சொல்ல அந்த அறைகளில் இருந்தவை என்ன தெரியுமா? சிப்பி, சோகி, சங்கு. வண்ணத்துப்பூச்சி, வண்டு. பழைய நாணயம், பதக்கம். இரத்தினக்கல், அம்பர், பளிங்கு. தோலில் வரைந்த பூக்களின் படங்கள். மதுசாரத்தில் ஊறப்போட்டுக் கண்ணாடிக் குடுவையில் வைத்த பிராணிகள். எல்லாம் அலுமாரி அலுமாரியாக, லாச்சி லாச்சியாக. 1686ஆம் ஆண்டு மார்கழி மாதம் ஜோன் ஈவ்லின் என்ற பிரமுகர் ஒரு பிரபுவின் மனைவியைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார். வெளிநாடெல்லாம் சுற்றியும் இப்படி ஒரு சேகரிப்பை நான் கண்டதில்லை என்ற கருத்தில் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். தத்துவஞானி ஜோன் லொக்கும் இவருடைய நண்பர்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அவருடைய கணக்கெழுத்து. ஒவ்வொரு சாமானுக்கும் என்ன கொடுத்தேன், அதன் பெறுமதி என்ன என்று எழுதி வைத்தார். பாட்டன் ஒரு தீவை இழந்த வீட்டில் பேரன் ஒரு சிப்பிக்குக் கணக்கு எழுதினார். ஏன் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. நான் நினைக்கிறேன், கணக்குப் புத்தகம் மறைந்துபோன வீட்டில் வளர்ந்த பிள்ளை வேறு எப்படி இருக்கும்?

1702 பங்குனி 26ஆம் திகதி கென்சிங்ரனில் இறந்தார். பிள்ளைகள் இல்லை. சாமான்கள் முழுவதையும் நண்பர் ஸ்லோனுக்கு எழுதிவைத்தார், தன்னுடைய கடன்களையும் மற்றவர்களுக்குக் கொடுக்கவேண்டியதையும் அவர் கொடுத்து முடிக்கவேண்டும் என்ற பொறுப்போடு. ஸ்லோன் கொடுத்து முடித்தார். பிறகு அந்தச் சேகரிப்போடு தன்னுடையதையும் சேர்த்துப் பெருக்கிக்கொண்டே போனார். அவருடைய பணத்தில் ஒரு பங்கு, மனைவி வழியில் வந்த ஜமேக்காக் கரும்புத் தோட்டத்திலிருந்து, அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்தது. 1753இல் ஸ்லோன் இறந்தபோது எழுபத்தோராயிரத்துக்கு மேற்பட்ட பொருட்கள் இருந்தன. தன் வாரிசுகளுக்கு 20,000 பவுண் கொடுத்தால் எல்லாவற்றையும் நாடு எடுத்துக்கொள்ளலாம் என்று உயிலில் இருந்தது. பாராளுமன்றம் ஒத்துக்கொண்டது. 1759 தை 15ஆம் திகதி பிரித்தானிய நூதனசாலை திறந்தது. அதன் அத்திவாரத்தில் ஒரு பகுதி, மேனன் ஊர்த் தையற்காரனின் பரம்பரையில் கடைசிப் பிள்ளை சேர்த்த லாச்சிகள்.

பிள்ளைகளோடு ஒரு விடுமுறை நாளில் இந்தக் கதையை நடந்தே பார்க்கலாம். மொனுமென்ற் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே புடிங் லேன். வீடு ஒன்றும் இல்லை. 1666 புரட்டாதியில் லண்டனை எரித்த பெருநெருப்பு அந்த ஒழுங்கையில் உள்ள வெதுப்பகத்தில்தான் தொடங்கியது. சேர் வில்லியத்தை அடக்கம் செய்த சென்ற் அன்ட்ரூ ஹபர்ட் கோயிலும் அதில் எரிந்தது, திரும்பக் கட்டவில்லை. நெருப்பின் ஞாபகத் தூணில் 311 படி. ஏறுவதற்குக் கட்டணம் உண்டு, பெரிய பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அங்கிருந்து கால் மணித்தியால நடையில் ஒஸ்ரின் பிரையர்ஸ். பழைய கோயிலை 1940 ஐப்பசியில் ஜேர்மன் குண்டு தரைமட்டமாக்கியது. இப்போது நிற்பது 1954இல் திறந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒல்லாந்த மொழியில் ஆராதனை இன்றும் நடக்கிறது. ஹொலண்டிலிருந்து வந்த எங்கள் பிள்ளைகளுக்கு விளங்கும்.

கடைசி வில்லியத்தின் சாமான்கள் மூன்றாகப் பிரிந்து கிடக்கின்றன. நாணயமும் படங்களும் பிரித்தானிய நூதனசாலையில். சிப்பியும் பூச்சியும் தெற்குக் கென்சிங்ரனில் இயற்கை வரலாற்று நூதனசாலையில். கைப்படக் கணக்கெழுதிய கொப்பிகள் சென்ற் பன்கிராஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரித்தானிய நூலகத்தில், ஸ்லோன் கையெழுத்துப் பிரதிகளோடு. இரண்டு நூதனசாலைக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. பிரித்தானிய நூதனசாலையில் முதலாம் இலக்க அறைக்குப் போங்கள். கண்ணாடி அலுமாரிகளில் ஸ்லோன் காலத்துச் சாமான்கள் அந்தக் கால முறையிலேயே அடுக்கியிருக்கும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவது நல்லது. உள்ளே ஒரு சான்ட்விச்சுக்குச் சொல்கிற விலைக்கு வீட்டில் எல்லோருக்கும் புட்டு அவிக்கலாம்.